எவர் பின்னாலும் நடக்காதது

நீளக் கழுத்து டைனோசரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இது தூங்கும்போது கழுத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளையைத் தோளில் சுமந்து, வரிசையில் நின்று, வியர்த்து வழிய வந்திருக்கிற மனிதரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? "நின்றுகொண்டே தூங்கும்" என்று சொல்லிவிடுவேன். அவர் திருப்தியாகப் போய்விடுவார். அருங்காட்சியகத்தில் நான் சொன்ன பொய்களில் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான்.

நீங்கள் கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். சுற்றி வளைக்காதவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் வளைக்காமல் சொல்கிறேன். ஆனால் எங்கள் தொழிலில் பெயர் வைப்பது எப்படி என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா படித்த பள்ளியில்தான் நானும் படித்தேன். அவள் சீருடையில், அவள் பையோடு. அவள் எலும்பு பொறுக்கப் போனாள். நானும் எலும்பு பொறுக்கப் போனேன். வீட்டுக்கு வருகிற உறவினர்கள் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அப்படியே பெரியவ மாதிரி, கொஞ்சம் சின்ன சைஸ்ல" என்பார்கள். அதற்கு நான் சிரிக்க வேண்டும். சிரித்தேன். பிடிக்காததற்குச் சிரிப்பது ஒரு பழக்கம். ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. இப்போதுகூட லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா பெரிய ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தாள். நான் சிறிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தேன். அவள் ஒரு குன்றின் வடக்குச் சரிவில் தோண்டி, உலகம் அதுவரை பார்த்திராத நீளக் கழுத்துப் பிராணி ஒன்றை எடுத்துப் பெயர் வைத்தாள். பத்திரிகைகளில் படம் வந்தது. சில வருடங்கள் கழித்து அதே குன்றின் தெற்குச் சரிவில் நான் தோண்டினேன். எனக்கும் ஒன்று கிடைத்தது. கழுத்து எலும்புகள் ஏழெட்டு, ஒரு தொடை எலும்பு. அளவில் அக்காவுடையதில் பாதிகூட இல்லை.

அது வேறு இனம் என்று நான் எழுதினேன். அக்காவின் பிராணிக்குக் கழுத்து எலும்பின் உச்சி இரண்டாகப் பிளந்திருக்கும், ஆட்டுக் குளம்பு மாதிரி. என்னுடையதற்குப் பிளவு இல்லை. அக்காவுடையதில் எலும்பின் மேல்பாகமும் கீழ்ப்பாகமும் ஒன்றாக இறுகியிருந்தன. என்னுடையதில் தனித்தனியாகக் கழன்று வந்தன. இவை போதும். இதைவிடக் குறைவான ஆதாரத்தில் ஜனங்கள் கல்யாணமே செய்துகொள்கிறார்கள்.

பெயர் வைத்தேன். அந்நிய மொழியில் நாக்கு சுளுக்கும் பெயர். அதன் பொருள் 'எவர் பின்னாலும் நடக்காதது.' இந்த வகைப் பிராணிகள் மந்தை மந்தையாக, ஒன்றன் வால் ஒன்றின் மூக்கில் இடிக்க நடந்ததற்குக் காலடித் தடங்கள் குவிந்து கிடக்கின்றன. எனக்கும் தெரியும். பெயரில் அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

பிராணியின் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சூட்டியவர் பெயரையும் போடுவது எங்கள் வழக்கம். குடும்பப் பெயரை மட்டும். எங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் அப்பாவுடையது. ஆகவே என் பிராணியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அக்காவுக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அவள் அவற்றை ஒன்று விடாமல் எனக்குத் திருப்பி அனுப்பினாள், கீழே ஒரு சிரித்த முகம் போட்டு. அவள் நல்லவள். அதை நான் மறுக்கவில்லை. நல்லவளாக இல்லாதிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

எங்கள் கிடங்கு ஆட்கள் அவளுடையதைப் 'பெரியவ' என்றும் என்னுடையதைச் 'சின்னவ' என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் சிரித்தேன்.

இப்போது விதிக்கு வருகிறேன். ஒரே பிராணிக்கு இரண்டு பேர் தெரியாமல் இரண்டு பெயர் வைத்துவிட்டால், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். இரண்டாவது பெயர் மூழ்கிவிடும். மூழ்கிவிடும் என்பது நான் சொல்லும் வார்த்தை இல்லை, தொழிலில் அப்படித்தான் பேசுவோம். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் எடுத்து வேறு எதற்கும் வைக்கக்கூட முடியாது. பிணத்துக்காவது ஒரு குழி உண்டு.

அக்கா ஒரு நாள் போன் செய்தாள்.

"ஏண்டி, கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுக்கா."

"உன் சின்னவ இருக்காளே, அவ என் பெரியவளோட குட்டியா இருப்பாளோன்னு தோணுது. வயசு ஏற ஏறத்தான் அந்தப் பிளவு விழும். எலும்பு கழண்டு வந்ததும் அதனாலதான். குட்டிக்கு இன்னும் ஒட்டலை, அவ்வளவுதான்."

"அப்படியா."

"தொடை எலும்பை ஒரு துண்டு அறுத்துப் பாத்துருவோம். தெரிஞ்சிடும்ல?"

தெரிந்துவிடும். அதில்தான் விஷயம் இருக்கிறது. வளர்ந்து முடித்த பிராணியின் எலும்பைக் குறுக்கே அறுத்தால் வெளி ஓரத்தில் மரத்து வளையம்போலக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். குட்டியின் எலும்பில் கோடே இருக்காது. சல்லடை மாதிரி ரத்தக் குழாய்த் துளைகள்தான். என் தொடை எலும்பு அப்போதும் பாதி மாவுக்கட்டுக்குள்ளேயே இருந்தது. காலொடிந்தவர்களுக்குப் போடுவோமே, அதே மாவுக்கட்டுதான், இன்னும் தடிமனாக. தோண்டிய இடத்திலிருந்து எலும்பை உடையாமல் கொண்டுவர அப்படித்தான் கட்டுவோம். ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்திருந்தேன். மறுபக்கத்துக்கு வருடக்கணக்காக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வேலை அப்படி.

அம்மாவுக்கும் போன் செய்திருக்கிறாள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான்டி இருக்கும். பேருதானே, விட்டுக்குடேன்."

"அம்மா, இது விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுன்னா நல்லதுதானே? வெளிய போகலையே, குடும்பத்துக்குள்ளயே இருக்கே."

இந்தப் பெண்மணிக்கு வகைப்பாட்டியலில் ஒரு விருது கொடுக்கலாம்.

அக்கா வந்தாள். வந்த மறுநாள் விடுமுறை. கிடங்கில் ஆள் இருக்காது. அந்த நாளைச் சொன்னது நான்தான், ஆனால் சத்தம் இல்லாமல் வேலை செய்யலாம் என்பதற்காகத்தான் சொன்னேன். பிற்பகல் வெளிச்சம் மேல் ஜன்னல்களில் நன்றாக வரும். அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, "உங்க கிடங்குல இன்னும் எலி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் சிரித்தது நிஜமாகவே சிரிப்பதற்காக.

அறுப்பதற்கு முன் மாவுக்கட்டைப் புரட்ட வேண்டும். அது ஆபத்தான வேலை என்பதால் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சங்கிலிக் கப்பியால் ஒரு பக்கத்தைத் தூக்கி, மாவுக்கட்டை அதன் விளிம்பில் நிறுத்துவோம். அந்த நிலையில் பாரம் எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கும். அது விழாமல் எதிர்ப்பக்கம் ஒருவர் கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்திருப்பார். அவர் "பிடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை விழும் பக்கத்துக்கு யாரும் போகக் கூடாது. சொன்ன பிறகு மணல் மூட்டைகளை அடுக்கப் போகலாம். அந்த ஒரு வார்த்தையை நம்பி எங்கள் தொழிலில் எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போகிறோம்.

விழும் பக்கம் சுவர் இருந்தது. கட்டின் அடிப்பாகம் முதலில் கண்ணில் படுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அக்காவுக்கு எதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

"பிடிச்சிருக்கியாடி?"

"பிடிச்சிருக்கேன்."

அது உண்மை. பிடித்துத்தான் இருந்தேன். அவள் உள்ளே போய்க் குனிந்தாள். மூட்டையைத் தொடாமல் விரலால் எலும்பைத் துடைத்து, "அடிப்பாவி, எவ்வளவு அழகா இருக்கு, இத்தனை வருஷம் மூடி வெச்சிருக்கியே" என்றாள். அதற்குப் பிறகுதான் விட்டேன்.

கை வழுக்கியது என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். வழுக்கவில்லை. கயிறு தூணில் சுற்றியிருந்தது. சுற்றைக் கழற்றாமல் அது வழுக்காது. நிதானமாகக் கழற்றினேன். கைக்கு நல்ல உறை போட்டிருந்தேன், காயம் படவில்லை.

சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மாவுக்கட்டு பல துண்டாகப் பிளந்தது. அக்கா இடுப்புவரை அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். தொடை எலும்பு நடுவில் ஒடிந்து, பூசணிக்காய் அளவுக்கு ஒரு துண்டு உருண்டு, அவள் முகத்துக்கு எதிரே போய் நின்றது. எலும்பின் ஒடிந்த முகம் அவளைப் பார்த்தபடி.

அவள் கொஞ்ச நேரம் மூச்சுக்குத் தவித்தாள். பிறகு அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் வலி இருந்தது, ஆனால் வலி மட்டும் இல்லை. சந்தோஷமும் இருந்தது. நான் இட்டுக்கட்டவில்லை. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

"பாருடி," என்றாள். "ஒரு கோடுகூட இல்ல. குட்டிதான்."

"அக்கா, பேசாத."

"தூக்கு இதை. கால் இருக்கறதே தெரியல எனக்கு."

"தூக்குறேன். தனி இனம்னு ஒரு தடவை சொல்லிடு."

என்னை உற்றுப் பார்த்தாள். நான் விட்டேன் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். பொய்தானே, வெளியே வந்து மாற்றிக்கொள்ளலாமே. ஆனால் அக்கா எலும்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி எலும்பைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான்டி," என்றாள். மிகவும் மெதுவாக, சின்ன வயதில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரலில்.

நான் குனிந்து பார்த்தேன். சல்லடை மாதிரித் துளைகள். ஓரத்தில் கோடு எதுவும் இல்லை. அவள் சொன்னது சரி. இதை நான் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியலில் நேர்மை முக்கியம். ஆனால் ஓர் ஒடிவை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்வது முறையில்லை. மேலும் ஆய்வு தேவை.

பத்திரிகையில் 'பிரபல ஆய்வாளர் விபத்தில் மரணம், அருகில் தங்கை' என்று போட்டார்கள். அருகில் தங்கை. பரவாயில்லை.

இப்போது நீங்கள் மேசையில் வைத்திருக்கும் படத்துக்கு வருகிறேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எடுத்தது. மாவுக்கட்டு நொறுங்கிக் கிடக்கிறது, எலும்பு மட்டும் முழுசாக இருக்கிறது, அது எப்படி என்று கேட்டீர்கள். கட்டு விழுந்த பிறகு அவள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தாள் என்றும் கேட்டீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான்.

ஆட்கள் வந்தால் எலும்பின் அந்த ஒடிந்த முகத்தைப் பார்ப்பார்கள். அக்காவின் மாணவர்கள் பார்ப்பார்கள். ஆகவே துண்டை எடுத்து, பசை தடவி, இருந்த இடத்தில் பொருத்தினேன். அதுதான் என் வேலை, எனக்கு நன்றாக வரும். அக்கா இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அம்மாவைக் கூப்பிட்டாள். நான் வருகிறேன் என்று பதில் சொன்னேன், சொல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பசை இறுகும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் இணைப்பு விலகிக் கோடு தெரிந்துவிடும். போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கக் கை இல்லாததால்தான் எடுக்கவில்லை. அவள்மேல் எனக்கு வேறு எந்த வருத்தமும் கிடையாது.