பிரியந்தி ஏறியிருக்கக் கூடாத படகு

இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, ஆராய்ச்சி நிலைய நண்பர்களே, மகளை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பத்மாவதி அம்மா அவர்களே, வணக்கம். பிரியந்தியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜெயலெட்சுமி பேசுகிறேன். மேடையில் இருக்கும் இயக்குநர் சுகுமாரன் அவர்களுக்கும் வணக்கம். அதற்கு மேல் என்னிடம் மரியாதை எதிர்பார்க்காதீர்கள்.

டாக்டர் பிரியந்தி தம்பு யார்? இந்தப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிறந்து, கிரீன்லாந்தின் பனியாறுகளை ஆராயப் போனவள்! அங்கே கடலின் மேல்நீர் குளிர்ந்தே இருக்கிறது. அடியில் வரும் வெதுவெதுப்பான நீர்தான் பனியாற்றைக் கீழிருந்து அரித்து, பனிமலைகளாக உடைக்கிறது என்றாள். அங்கே உருகுவது நம் கரையில் ஏறும் என்றாள். "பினாங்குல கிண்ணத்துல திங்கிற ஐஸ் கச்சாங் போதாதாம்மா?" என்று நிறைந்த கூட்டத்தில் கேலி செய்தவர் யார்? இதோ, இந்த மேடையில்தான் இருக்கிறார்!

பனியாறு கடலில் வந்து முடியும் பனிச்சுவரை மனிதர் நெருங்குவது ஆபத்து. அதனால் அடிநீரின் சூட்டை அளக்க ஆளில்லாமல் ஓடும் சிறு படகை அவளே வடிவமைத்தாள். பயணத்துக்கு முன் இயக்குநர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். எதற்கு? பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும் கண்காட்சிக்கு!

"ஷோ முடியட்டும்லா, அடுத்த வருஷம் கொண்டு போ."

"சார், அந்தப் பனி அது வரைக்கும் நிக்காது."

கேட்டாரா? இல்லை!

அந்தப் படகு இல்லாமலே கிரீன்லாந்து போன கப்பலில் நானும் இருந்தேன். தானே போய் அளக்க, எங்கள் படகோட்டி ஐனாவோடு பிரியந்தி ரப்பர் படகில் ஏறினாள். போகாதே என்றேன். "கருவிய இறக்கிட்டு ஒடனே வந்துடுறேன், அக்கா" என்றாள். கொஞ்ச நேரத்தில் வாக்கி டாக்கியில் அவள் குரல் துள்ளியது: "அடித்தண்ணி மூணு டிகிரி, அக்கா! நாம நெனச்சது சரி!" அப்போதே பக்கத்தில் மிதந்த பனிமலை புரண்டது. எழும்பிய அலை படகைக் கவிழ்த்தது. ஐனாவை உயிரோடு தூக்கினோம். பிரியந்தியைத் தூக்கியபோது மூச்சில்லை.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அவள் சவப்பெட்டி இறங்கியது. பத்மாவதி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆளில்லாத படகுதான் கிட்டப் போகும் எண்டு சொன்னவளே, பிள்ளை?"

சுகுமாரன் அவர்களே, நீங்கள் சொல்லுங்கள்! எதிர்பாராத விபத்து என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தீர்களே! எதிர்பார்த்தவள் அவள். எச்சரித்தவள் அவள். மறுத்தவர் நீங்கள்!

அன்பர்களே, வரும் கோடையில் அதே கடலுக்கு நான் போகிறேன். ஐனாவும் வருகிறாள். பிரியந்தி விட்ட இடத்திலிருந்து அளப்போம். அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் பிரியந்தி தம்பு. இயக்குநர் என்பதற்காகவே எல்லாக் கட்டுரைகளிலும் ஏறும் உங்கள் பெயர், ஐயா, அதில் இருக்காது.