கடைசியா வர்ற ஆளு

அட, ஹெல்மெட்ட ஏன் மாட்டுறீங்க, கழட்டுங்க. இப்போதைக்குக் கெளம்ப மாட்டோம். வால் இன்னும் வரலல்ல? கடைசியா வர்ற ஆள எங்க சைக்கிள் குரூப்புல வால்னுதான் சொல்வோம். ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் எல்லாரும் நின்னு, வால் வந்து சேர்ந்தப்புறம்தான் அடுத்த மேடு. இந்தப் பாலைவனத்துல ஒருத்தர விட்டுட்டுப் போனா அப்புறம் எந்தப் பாறைக்குப் பின்னாடின்னு தேடுறது? எல்லாப் பாறைக்கும் ஒரே மூஞ்சி. இப்படி நிழலுக்கு வாங்க. கால நல்லா நீட்டி உக்காருங்க. பல் டாக்டரும் மத்தவங்களும் அந்தப் பக்கம் போட்டோ எடுத்துட்டு இருக்காங்க, அது இப்ப முடியாது.

மொத தடவைக்கு நல்லாவே ஓட்டுறீங்க, சும்மா சொல்லல. எறக்கத்துலதான் பிரேக்கப் புடிச்சுத் தொங்குறீங்க. அது போகப் போகப் பழகிரும். சறுக்கல்ல பிரேக் புடிச்சா பின்சக்கரம் நம்ம பேச்சக் கேக்காது. விட்டுப் பிடிக்கணும்.

அந்தா, கீழ பாருங்க, மஞ்சள் சட்டை. தெரியுதா? ஓட்டல, தள்ளிக்கிட்டு வர்றாரு. ஹா, நின்னுட்டாரு. ஹேண்டில்பார் மேல தலையக் கவுத்துப் போட்டுட்டாரு. மறுபடி ஏறப் பாக்குறாரு... ஏறுங்க, ஏறுங்க... போச்சு. கல்லுல மோதி எறங்கிட்டாரு.

பாவமா? நல்லா பாவம் பாத்தீங்க போங்க. தண்ணியெல்லாம் அவர்கிட்ட நெறைய இருக்கு, வெயிலும் அப்படி ஒண்ணும் இல்ல. செத்துட மாட்டாரு.

வந்ததும் ரெஸ்ட் எடுப்பாரான்னா, அதுதான் கெடையாது. வால் வந்துச்சா, நாங்க கெளம்பிருவோம். சட்டமெல்லாம் யாரும் போடலங்க, அதுபாட்டுக்கு அப்படி ஆயிடுச்சு. மொதல்ல வந்தவங்கெல்லாம் ஜம்முனு உக்காந்து, பேரீச்சம்பழம் தின்னு, ஊர்க்கத பேசி, காலு ஆறிப்போயி, எப்படா கெளம்பலாம்னு இருப்பாங்க. வால் வந்து ஒரு காலத் தரையில ஊனும், பாட்டில் மூடியத் திருகும், அதுக்குள்ள நான் விசில் ஊதிருவேன். யாருக்கு ரெஸ்ட் வேணுமோ அவருக்கு மட்டும் இல்ல. போன மேட்டுல பாத்தீங்கல்ல, ஒரு நிமிஷம்னு அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள டாக்டர் பாதி எறக்கம் போயிட்டாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

மொறைக்காதீங்க. நானும் ஒரு வருஷம் வாலா இருந்தவதான். அழுதுகிட்டே ஓட்டியிருக்கேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால யாருக்கும் தெரியல, தெரிஞ்சாலும் நின்னிருக்க மாட்டாங்க. இன்னைக்கு விசில் என் கையில.

சைக்கிள்னா அவருக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல. வேப்பங்காயாக் கசக்கும். பொண்டாட்டி இனிமே உங்ககூட இருக்க முடியாதுன்னுட்டா. இவரு கெஞ்சு கெஞ்சுன்னு கெஞ்சியிருக்காரு. சரி, ஒரே ஒரு ரைடு, பாதியில திரும்பாம கடைசி மேடு வரைக்கும் வந்து காட்டுங்க, அப்புறம் நான் எங்கயும் போகலன்னு சொல்லியிருக்கா. அதுக்குத்தான் இந்தப் பாடு. குடும்பம் நெலைக்கணும்னு கல்லுலயும் மண்ணுலயும் விழுந்து எழுந்திரிச்சு வர்றாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? நல்லா கேட்டீங்க. நான்தாங்க அந்தப் பொண்டாட்டி. இங்க எல்லாருக்கும் தெரியும், நீங்கதான் புதுசு.

இல்லங்க, அடிச்சதெல்லாம் இல்ல. குடி, சீட்டு, வேற பொம்பள, ஒண்ணும் கெடையாது. அதுதான் பெரிய தலவலி. என்னன்னு போய்ச் சொல்றது? கல்யாணம் ஆன நாளேர்ந்து அவரு முன்னாடி நடப்பாரு, நான் பின்னாடி ஓடுவேன். கடைக்குப் போனாலும் சரி, ரயிலப் புடிக்கப் போனாலும் சரி. இடுப்புல குழந்த, ரெண்டு கையிலயும் பை, மூச்சு வாங்க ஓடி வந்து சேருவேன். வந்துட்டியான்னு ஒரு வார்த்த, உடனே மறுபடி நடக்க ஆரம்பிச்சிருவாரு. இதெல்லாம் ஒரு குறையாடின்னு எங்கம்மா கேட்டாங்க. அக்கா தங்கச்சி எல்லாரும் கேட்டாச்சு. நீங்களும் கேக்கப் போறீங்க, மூஞ்சியிலயே தெரியுது.

மாறிட்டாருதான். ஒத்துக்குறேன். ஒரு மாசமா எங்க அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்ல சுத்திச் சுத்திப் பழகினாரு. பாப்பா பின்னாடியே ஓடுவா, அப்பா விழாத விழாதன்னு கத்திக்கிட்டு. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மனசு கொஞ்சம் எளகிப் போச்சு, பொய் சொல்லல. மறுநாள் காலையில நான் செருப்பு மாட்டிட்டு நிக்கிறேன், அவரு பாட்டுக்கு லிஃப்ட்ல ஏறிட்டாரு, கதவு மூடிருச்சு. வேணும்னு செய்யலங்க. நான்னு ஒருத்தி நிக்கிறதே ஞாபகம் இல்ல. எனக்கு அன்னைக்கே வெறுத்துப் போச்சு.

அவரு சைக்கிள் சீட்டா? அடேங்கப்பா, கண்ணு உங்களுக்கு. ஆமா, ரொம்பத் தாழ்ந்துதான் இருக்கு, முட்டி வந்து நெஞ்சத் தொடுது. நான்தான் எறக்கி வச்சேன். கால் தரையில எட்டுனாத்தான் பயம் இருக்காதுன்னு சொன்னேன், நம்பிட்டாரு. கையப் புடிச்சுக்கிட்டு தேங்க்ஸ் வேற. சீட்டு தாழ்ந்து கெடந்தா மேடு ஏறுறது நரகம்தான், எனக்குத் தெரியாதா என்ன? தொட ரெண்டும் வெந்து போயிரும்.

அய்யய்யோ, முடிக்க மாட்டாருன்னு யாரு சொன்னா? முடிப்பாரு. சரியான வீம்புக்காரரு. முடிக்கட்டும், நான் வேண்டாங்கல. லேட்டா முடிச்சாப் போதும்.

அதிருக்கட்டும், உங்க கார்ல பின்னாடி சைக்கிள் மாட்டுற ஸ்டாண்டு இருக்குல்ல? காலையில பாத்தேன். ரெண்டு சைக்கிள் தாங்கும்ல? திரும்பிப் போறப்ப என்னையும் ஏத்திக்கிறீங்களா? பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டாப் போதும். டாக்டரக் கேக்கலாம்தான், ஆனா அவரு இவருக்கும் சிநேகிதம். மூஞ்சியிலயே காட்டிக் குடுத்துருவாரு.

நாங்க ஒரே கார்லதான் வந்தோம். அதுல திரும்பிப் போக முடியாதுங்க. அந்த வீட்டுக்கு நான் போகல. காலையில நாங்க இந்தப் பக்கம் கெளம்பினோம், அந்தப் பக்கம் என் தம்பி லாரியோட வந்திருப்பான். பீரோ, வாஷிங் மெஷின், பாப்பாவோட கட்டில், அவ பொம்ம மூட்ட. பீரோ லிஃப்ட்ல நொழையாது, படியிலதான் எறக்கணும், நேரமாகும்ல? அதுக்குத்தான் சீட்ட எறக்கினது. ஒரு நாள் பூராவும் சிக்னல் இல்லாத எடத்துல அவர நிறுத்தி வைக்க எனக்கு வேற வழி தெரியல.

பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்த பாப்பாவும்தான். மாமாவோட லாரியில போறதுன்னா அவளுக்குக் கொண்டாட்டம். இந்நேரம் ஊரத் தாண்டியிருப்பாங்க. எந்த ஊருக்குன்னு உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க.

அவர்கிட்டச் சொல்லணும்னு தோணுதா? தாராளமாச் சொல்லுங்க. சரியா நடுவுல நிக்கிறோம். கார் நிக்கிற எடத்துக்குத் திரும்பினாலும் நாலு மேடு, முன்னாடி சுத்திப் போனாலும் நாலு மேடு. அந்தத் தொடைய வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போவாரு? மேல ஏறி வர்ற மனுஷன் மூஞ்சியப் பாத்து உங்களால சொல்ல முடியும்னா சொல்லுங்க.

இதோ வந்துட்டாரு. பாருங்க, எப்படிச் சிரிக்கிறாருன்னு. கல்யாணத்தன்னைக்குக் கூட என்னப் பாத்து இப்படிச் சிரிக்கல.

வாங்க, வாங்க! என்னங்க, பாதி முடிச்சிட்டீங்களே, கலக்கிட்டீங்க போங்க. முட்டியில ரத்தமா? ஒண்ணுமில்ல, சிராய்ப்புதான். என்னது, பாப்பாவுக்கு போட்டோ அனுப்பணுமா? இங்க சிக்னல் கெடைக்காதுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயி நேர்லயே காட்டுங்களேன், குதிப்பா. அட, உக்காந்துடாதீங்க. நாங்க கெளம்பியாச்சு.