பெரிலின் பிறை

இங்கிலாந்தில் எங்கள் பர்ஸ்லெமில் விருந்துக்குப் போனால் முதலில் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்போம். சாப்பாடு வருவதற்குள் எந்தத் தொழிற்சாலை, ஏறக்குறைய எந்த வருடம் என்று சொல்லிவிடுவோம். வெளியூர்க்காரர்களுக்கு இது மரியாதைக் குறைவாகப் படும். பீங்கான் செய்கிற ஊரில் பிறந்தவர்களுக்குக் கை தானாகத் திரும்பிவிடும்.

தொழிற்சாலை முத்திரைக்குப் பக்கத்தில், உற்றுப் பார்த்தால், தூரிகையால் வைத்த சின்னக் குறி ஒன்று இருக்கும். அது வரைந்த பெண்ணுடையது. யார் எத்தனை முடித்தார்கள் என்று எண்ணவும், பழுது வந்தால் ஆளைப் பிடிக்கவும் அந்தக் குறிதான். என்னுடையது மூன்று புள்ளி. என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரில் சாலினருடையது ஒரு பிறை.

நான் சொல்வது 1956. நாங்கள் இருவரும் கோப்பை விளிம்பில் பொன்கோடு போட்டோம். இடது கை சக்கரத்தைச் சுற்றும், வலது கை தூரிகையை அசையாமல் பிடிக்கும். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். சூளைக்குப் போகும் முன் அந்தப் பொன் வெறும் பழுப்பாக இருக்கும். கோணல் அவ்வளவாகத் தெரியாது. வெந்து பளபளத்து வந்த பிறகு மறைக்க முடியாது.

அந்த ஏப்ரலில் என் வலது கை நடுங்கத் தொடங்கியது. அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வேறு வேலை தெரியாது. இரக்கப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கோடு மோசமாகப் போன கோப்பைகளின் அடியில் என் புள்ளிகளுக்குப் பதிலாகப் பிறை வைத்தேன். கோப்பைகளை அடுக்கும் பலகை ஒன்றுக்கு இரண்டு, மூன்று. அதற்கு மேல் ஒரு நாளும் வைக்கவில்லை.

அதனால் பெரிலின் எண்ணிக்கை கூடியது, கூலியும்தான். அவளுக்கு ஒரே சிரிப்பு. "என்னடி மேவிஸ், நான் தூங்குறப்பவும் என் கை வேலை பாக்குது போலிருக்கே." அன்று பாலாடைக்கட்டி வைத்த ஓட்ஸ் அடை எனக்கும் சேர்த்து வாங்கினாள். சாப்பிட்டேன்.

ஜூலையில் மேற்பார்வை பார்க்கும் மிஸஸ் பிராட்லி, சூளையிலிருந்து வந்த கோப்பைகளை எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

"பிறை. பிறை. இதுவும் பிறை. ஏன் பெரில், காலையிலயே ஊத்திக்கிட்டு வர்றியா?"

"ஐயோ, நான் ஞாயிறு தப்பாம சபைக்குப் போறவ. ஒரு சொட்டு தொட்டதில்ல. மேவிஸ், நீயாவது சொல்லேன்டி."

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது காதில் விழுந்தது. தூரிகையில் இன்னும் பொன் மிச்சமிருந்ததால் கழுவி முடித்தேன்.

அவளை அனுப்பிவிட்டார்கள். குடிகாரி என்று பேர் வந்த பின் ஊரில் வேறெந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. ஆகஸ்ட் விடுமுறை முடிந்து சூளைகளை மறுபடி மூட்டிய அன்று அவள் கால்வாயில் கிடந்தாள். போதையில் தவறி விழுந்தாள் என்று ஊர் பேசியது. அவள் மகள் ஜூடித்துக்கு அப்போது மூன்று வயது.

செப்டம்பரில் நானாகவே கேட்டு, பெட்டி கட்டும் பிரிவுக்கு மாறினேன். உடனே கொடுத்தார்கள். ஏப்ரலிலேயே கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

நாற்பது வருடம் கழித்து, போன மார்ச்சில், ஜூடித் என் வீட்டுக்கு வந்தாள். சந்தை சந்தையாகப் போய்ப் பிறை போட்டதையெல்லாம் தேடிச் சேர்த்திருக்கிறாள். மொத்தம் பதினொரு கோப்பை. என் மேசைமேல் அவற்றைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"பாருங்க ஆன்ட்டி, எட்டுல கோடு அச்சுல போட்ட மாதிரி இருக்கு. இந்த மூணுல மட்டும் நடுங்குது. அம்மா குடிச்சதே இல்லைன்னு சித்தி சத்தியம் பண்றா. ஆனா இந்தக் கோடு வேற சொல்லுதே. நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லிடுங்க. குடிச்சாங்களா?"

என் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் பார்க்க அதை எடுத்தால் தளும்பும். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம், கண்ணு," என்றேன். "கவலை ஜாஸ்தி அவளுக்கு."

அவள் கோப்பைகளை மறுபடி கவிழ்த்தாள். பிறகு, "சித்திகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள். கிளம்பும்போது அந்த மூன்றில் ஒன்றை என்னிடமே வைத்துவிட்டாள். "உங்ககிட்ட இருக்கட்டும் ஆன்ட்டி. அம்மா கை பட்டது."

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அந்தக் கோப்பை என் அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் எடுத்து, வழக்கம்போலக் கவிழ்த்து, யாருடையது என்று கேட்கிறார்கள். பெரிலுடையது என்கிறேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அடியில் பிறைதானே இருக்கிறது.