வலப்பக்கத்துப் பறவை

"...எடப்பக்கம் பறவை பிளேனோட மூக்கைப் பாத்துப் பறக்குது, சரி. வலப்பக்கம் எங்கிட்டுப் பறக்கும்?"

ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரை போகும் பஸ்ஸில், மடியில் மாடல் விமானத்தோடு உட்கார்ந்திருந்தவர் மனைவியிடம் கேட்டார். விமானத்தின் வாலில் ஒரு பக்கம் பச்சைப் பறவை வரைந்திருந்தது. மறுபக்கம் வெறும் வெள்ளை.

"எந்தப் பறவைங்க பின்னால பறக்கும்?"

"ஒரே படத்தை ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்தா பின்னாலதான் பறக்கும். பாத்து வரையறதுக்கு ரெண்டு பிளேன் புத்தகம் வாங்கியாச்சு. ரெண்டுலயும் எடப்பக்கப் படந்தான் போட்டிருக்கான்."

"மத்தளத்துக்குத்தான் ரெண்டு பக்கமும் இடிம்பாங்க. ஒங்களுக்கு ஒரு பக்கத்துக்கே இந்தப் பாடா? வெள்ளைப் பக்கத்தைச் சொவத்தோரமா வச்சுக் கொடுங்க."

"ஒங்க அத்தா துபாய் ஏர்போர்ட்ல வேலை பாத்தப்ப இந்த பிளேனுக்குப் பெட்டி ஏத்துன கதவு அந்தப் பக்கந்தான். வருசக்கணக்கா அதைத்தானே பாத்திருக்காரு. தப்பா வரைஞ்சா சிரிச்சிர மாட்டாரா?"

"அப்ப அத்தாகிட்டயே கேட்டுருங்க."

"கேட்டா, நாளைக்கு இதைத்தான் பரிசாக் கொடுக்கப்போறோம்னு தெரிஞ்சிருமே!"

கொஞ்ச நேரம் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமனாருக்குப் போன் போட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா. அந்த பிளேன்..." என்று ஆரம்பித்தவர், ரகசியம் உடையப்போவது உறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல மாமா, சாப்டீங்களான்னு கேக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.