ஆலாக் குருவியின் முட்டைகள்

கல்முனைச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் வரிசை அசையவேயில்லை. எனக்கு முன்னால் கரைவலைக்காரர் இருவர். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"அந்த முட்டயெல்லாம் நான்தானே மச்சான் மிதிச்சது."

"எந்த முட்ட?"

"முகத்துவாரத்து மணல் திட்டில ஆலாக் குருவி இட்ட முட்ட. காயப்போட்ட நெத்தலியத் திங்குதெண்டு, ஒண்டு விடாம மிதிச்சன்."

"அது கள்ளச் சாதிதானே."

"இல்ல மச்சான். நெத்தலி களவெடுத்தது காகம். ஆலா கடல்லதான் மீன் புடிக்கும். தூரக் கடலுக்கும் நேவிக்காரனுகள் நம்மளப் போக விடுறானுகளில்ல. கரையில நிண்டு, ஆலா எங்க விழுந்து கொத்துதெண்டு பாத்துத்தானே நாம வல வளைச்சம்?"

"ஓம், அது மெய்தான்."

"இப்ப வானத்தில ஒரு ஆலாவுமில்ல. கண்ணக் கட்டிக்கிட்டு வளைக்கிற மாதிரி. நேத்தும் வலையில சொறி மீனும் பாசியும்தான் ஏறினது. அல்லாஹ் மன்னிக்கணும்."

மற்றவர் காலி கேனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"காகம்?"

"அது ஒவ்வொரு நாளும் வருகுது. காயப்போடத்தான் நெத்தலி இல்ல."