துபாய்க்கு எத்தனை மணி நேரம்?

பெசன்ட் நகர் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெரியவர் செல்போனில் விமான நேரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"துபாய்க்குப் போக ரெண்டரை மணி நேரம். திரும்பி வர மட்டும் அஞ்சரை மணி நேரமா? யார் காதுல பூ சுத்துறானுங்க?"

பக்கத்திலிருந்த நண்பர் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, அந்த ஊர் கடிகாரம் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான்."

"நாலுதானா?"

"நாலேதான்."

"அப்ப எம்புள்ளைக்கு இன்னாய்யா கேடு? அவங்கம்மாவைப் பொதைக்கவும் வரல, லீவு கிடைக்கலன்னான். நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. 'ரொம்ப தூரம்ப்பா, செல்லுல காட்டு, இங்கேர்ந்தே பாத்துக்கிறேன்'ங்கிறான்!"