நோயாளிக்கு ஏற்ற அறை

நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை. இந்தக் குமாசி ஊரில் எதையும் அளவோடு செய்கிற ஆள் குறைவு. முப்பது வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறவனுக்கு அது உடனே உறுத்தும்.

ஆன்ட்டி அடோமாவுக்கும் அளவு தெரியாது. அவருடைய வீடியோ கம்பெனியில் இருபத்துமூன்று படம் எடுத்தோம். ‘எடுத்தோம்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கத்துவார். மறுநாள் அந்தக் குப்பையை நான் படமாக்குவேன். பேர் மட்டும் அவருக்கு. அதோடு ஒரு பிடிவாதம்: யார் வசனம் பேசினாலும் முகம் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும். காதலன் காதலியைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துப் பேசுவான். ஏன் என்று கேட்டால், “உனக்குப் புரியாது போட்வே, விடு” என்பார். நம் மக்களுக்கு முகமாவது ஒன்றாவது. டிவியை ஓடவிட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஃபுஃபு இடித்துக்கொண்டிருப்பார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் நல்ல படம், அவ்வளவுதான்.

போன வருடம் படப்பிடிப்பில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் இல்லை. குடும்பத் தலைவர் அவருடைய தாய்மாமன் க்வார்டெங்தான். மாம்பொங் ஊரிலிருந்து வந்தார். எண்பது வயதுக் கிழம். நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எரிச்சலாக இருந்தது.

வக்கீல் முன்னால் அவர் சொன்னார்: “ராஜாவுக்கு ஒச்சேயமே மாதிரி இவளுக்கு இனி நீதாம்பா. இவ வாயத் தொறந்து பேசுற அன்னிக்கு உன் வேலை முடிஞ்சுது.” ராஜா வாய்க்குள் முனகுவதைச் சபைக்கு அழகாக்கிச் சொல்கிறவர்தான் ஒச்சேயமே. நான் முப்பது வருடமாகச் சம்பளமில்லாமல் செய்த வேலை அது. வக்கீல் அப்படியே பவர் பத்திரத்தில் எழுதினார்: ஆன்ட்டி தானே பேசும்வரை அவருக்காக நான் கையெழுத்திடலாம். ஆன்ட்டி இடது பெருவிரலை வைத்தார். தன்னால் அடிக்கடி பயணம் செய்ய முடியாது, மாதம் ஒரு வீடியோ அனுப்பு என்று சொல்லிவிட்டு மாமா கிளம்பினார்.

பவரை வீணாக்கவில்லை. இருபத்துமூன்று படங்களையும் இயக்குநர் இடத்தில் என் பெயரைப் போட்டு ஒரு சேனலுக்குக் கொடுத்தேன். சந்தையில் மூட்டை சுமந்த தன் தாயைப் பற்றி ஆன்ட்டி நான்கு வருடமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு குடிகாரப் பாஸ்டரைச் சேர்த்துச் சிரிப்புப் படமாக முடித்தேன். ஓடியது.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அராபா என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். மூன்றாம் மாதம் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “அண்ணே, ஆன்ட்டி இன்னிக்குத் தண்ணி கேட்டாங்க, வாயால. இன்னும் ரெண்டு மாசத்துல உங்களத் திட்டவே ஆரம்பிச்சிருவாங்க பாருங்க.”

“நல்ல சேதிம்மா” என்றேன். மறுநாள், குடும்பத்தார் ஆன்ட்டியை ஊருக்கே கூட்டிப்போய்விட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். ஊழியர்களுக்கும் அதே சேதிதான்.

ஆன்ட்டியின் கட்டிலை முந்தின இரவே டப்பிங் அறைக்கு மாற்றியிருந்தேன். ஸ்டுடியோவில் குளிர்ச்சியான அறை அது. சுவர் முழுக்கப் பஞ்சு, இரட்டைக் கதவு, ஜன்னல் கிடையாது. நோயாளிக்கு அமைதி வேண்டும். நானே ஊட்டினேன், நானே கழுவிவிட்டேன். எந்தச் சொந்தக்காரன் இதைச் செய்வான், சொல்லுங்கள். எட்டு மாதம் வெளியே ஆட்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தனியாகவே பயிற்சி செய்திருக்கிறார் போலிருக்கிறது, சீக்கிரமே முழு வாக்கியம் வந்துவிட்டது. “போட்வே, கதவத் தொற. எல்லாத்தையும் எடுத்துக்க, கதவ மட்டும் தொற.” வசனத்தில் அவர் எப்போதுமே சொன்னதையே திரும்பச் சொல்வார்.

மாத வீடியோவை நிறுத்தினால் கிழம் வண்டி ஏறிவிடும். அதனால் பக்கவாட்டில் கேமராவை வைத்து, ஆன்ட்டியைப் பேசவிட்டே எடுத்தேன். பிறகு குரலை நீக்கிவிட்டு மின்விசிறி ஓசையைச் சேர்த்தேன். வாய் அசையும், சத்தம் வராது. பாவம், முயற்சி செய்கிறாள் என்று பார்க்கிறவர்கள் கண் கலங்குவார்கள். என் வேலைகளில் அதுதான் மிகச் சுத்தமானது.

இந்த மாதம் அவர் கத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கேமராவை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். நீக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் அப்படியே அனுப்பினேன்.

மாமாவுக்கு நாற்பது வருடமாகக் காது கேட்காதாம். உதட்டைப் பார்த்துத்தான் எல்லாம் புரிந்துகொள்வாராம். மருமகளின் இருபத்துமூன்று படங்களையும் அப்படித்தான் பார்த்தாராம். நீங்கள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அந்த ஆளைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. “மாமா, வாங்க. டப்பிங் ரூம். பூட்டியிருக்கு.” ஆன்ட்டி உதட்டில் சொன்னது ஐந்தே சொல். அதைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் முதல் வண்டியில் வந்து உங்களை எழுப்பியிருக்கிறார்.

பூட்டியது நான்தான். எட்டு மாதமும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்று தெரிந்தே பூட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் வாக்குமூலம் வாங்கப் போவதாகச் சொல்கிறீர்களே, அது வேண்டாம். சீக்கிரம் களைத்துப்போவார். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு தாள் எடுங்கள், இன்ஸ்பெக்டர். அவருடையதையும் நானே சொல்லிவிடுகிறேன்.